நாற்பத்தைந்து வயதில் புது வார்டா? பயம் வேண்டாம்!

"இருபது வருடமாக ஒரே வார்டு. இனிமேல் போய்ப் புது வேலை பழக முடியுமா? அதுவும் இந்த வயதிலா?"

இப்படிக் கேட்கும் நர்சு அம்மாக்கள் பலர் இருக்கிறார்கள். தஞ்சாவூரில் இருக்கிறார்கள். கும்பகோணத்தில் இருக்கிறார்கள். மன்னார்குடியிலும் பட்டுக்கோட்டையிலும் இருக்கிறார்கள்.

முதுகு வலிக்கிறது, நோயாளியைத் தூக்கிப் புரட்ட முடியவில்லை என்று வார்டு மாற நினைப்பவர் உண்டு. மேலிடத்து உத்தரவு வந்து மாறுகிறவர் உண்டு. "குழந்தைகள் வார்டில் வேலை பார்க்க வேண்டும்" என்ற ஆசையை வெகு நாளாக மனசுக்குள் பூட்டி வைத்திருப்பவரும் உண்டு.

மூன்று பேருக்கும் பயம் ஒன்றுதான்.

பயப்படுவது தப்பல்ல. பயத்தை மறைப்பதுதான் தப்பு! இதுவே என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

பஸ்சும் மாறும்!

ஒரு நர்சை நினைத்துக்கொள்ளுங்கள். வயது 45. இத்தனை காலம் அறுவை சிகிச்சை வார்டில் இருந்தவர். புண்ணுக்குக் கட்டுப் போடுவதில் கை தேர்ந்தவர். இப்போது அவரைப் பச்சிளங்குழந்தைகள் வார்டுக்கு மாற்றுகிறார்கள்.

தஞ்சையில் இது பெரிய மாற்றம். அறுவை சிகிச்சை வார்டு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் இருக்கிறது. அந்தக் கல்லூரி 1959-ல் தொடங்கியது. பிரசவமும் குழந்தை வைத்தியமும் பழைய ராஜா மிராசுதார் ஆஸ்பத்திரியில் நடக்கின்றன. ஆகவே, வார்டு மட்டும் மாறாது. காலையில் ஏறுகிற பஸ்சும் மாறும்!

உள்ளே போனால் எல்லாமே வேறு.

பெரியவருக்கு நாடி நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை துடிக்கும். பிறந்த குழந்தைக்கு 120, 140 என்று துடிக்கும். பெரியவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுவார். பிறந்த குழந்தை 40 முதல் 60 தடவை மூச்சு விடும்.

பழைய கணக்கோடு பார்த்தால் என்ன ஆகும்? நல்ல குழந்தையும் நோயாளியாகத் தெரியும்!

மருந்தும் அப்படித்தான். குழந்தையின் எடையைப் பார்த்துத்தான் மருந்தின் அளவைக் கணக்கிடுவார்கள். குழந்தையின் எடை மூன்று கிலோகூட இருக்காது. கணக்கில் ஒரு புள்ளி இடம் மாறினால் போதும். மருந்து பத்து மடங்கு ஆகிவிடும்!

அந்த நர்சின் கை நடுங்குவது இதனால்தான். நடுங்கட்டும். நடுங்குகிற கை ஒன்றுக்கு இரண்டு தடவை சரி பார்க்கும்.

கூடவே வரும் சொத்து

அப்படியானால் இருபது வருட அனுபவம் வீணா?

இல்லவே இல்லை.

கை கழுவும் பழக்கம் கூடவே வரும். மருந்துப் புட்டியின் பெயரைப் படித்துப் பார்க்கும் பழக்கம் கூடவே வரும். நோயாளியின் முகத்தைப் பார்த்ததும், "இவருக்கு ஏதோ சரியில்லை" என்று கண்டுபிடிக்கும் கண் கூடவே வரும். அழுகிற தாயிடம் எப்படிப் பேசுவது என்ற பக்குவமும் கூடவே வரும்.

இதையெல்லாம் ஒரு மாதப் பயிற்சியில் யாரும் சொல்லிக் கொடுக்க முடியாது. எடைக் கணக்கைச் சொல்லிக் கொடுக்கலாம். குழந்தையின் உடம்புச் சூடு குறையாமல் காப்பது எப்படி என்று காட்டிக் கொடுக்கலாம். புதிதாகக் கற்க வேண்டியது கொஞ்சம். கையில் இருப்பது நிறைய.

இன்னொன்றும் உண்டு. நர்சுப் படிப்பிலேயே பிரசவம், குழந்தை, மனநோய், ஊர் சுகாதாரம் எல்லாம் பாடமாக இருக்கின்றன. ஆகவே, விதை உள்ளே கிடக்கிறது. தண்ணீர்தான் காட்ட வேண்டும்.

உண்மையான பயம் எது?

வேலையை நினைத்து வரும் பயம் பாதிதான். மறுபாதி எது தெரியுமா? வெட்கம்!

"என் மகள் வயசுப் பெண்ணிடம் போய், இது எப்படி என்று கேட்பதா?"

இதுதான் ஆபத்தான இடம். கேட்க வெட்கப்பட்டால், தெரிந்தது போலத் தலையாட்ட வேண்டிவரும். தலையாட்டிய பிறகு, தெரியாத வேலையைச் செய்ய வேண்டிவரும். அதன் பலனை அனுபவிப்பது யார்? பேசத் தெரியாத குழந்தை!

தெரிந்தது போல நடிக்கும் நர்சு வேண்டாம். "எனக்கு இது புதுசு. ஒரு தடவை காட்டு தங்கச்சி" என்று கேட்கிற நர்சின் கையில்தான் என் வீட்டுக் குழந்தையைக் கொடுப்பேன்.

இளம் நர்சுகளுக்கும் ஒரு வார்த்தை. அக்கா வந்து கேட்டால் சிரிக்காதீர்கள். நாளை உங்களுக்கும் 45 வயது ஆகும்.

சைக்கிள் ஏறிய நர்சுகள்

வயது வந்தபின் புதிதாகப் பழகுவது நம் பக்கத்தில் நடக்காத காரியமா?

புதுக்கோட்டையைப் பாருங்கள். பழைய தஞ்சை, திருச்சி மாவட்டங்களிலிருந்து 1974-ல் பிரிந்த மாவட்டம் அது. 1990-களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தது. எழுத்துக் கற்ற பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிளும் ஓட்டக் கற்றார்கள். வயல் வேலை செய்தவர்கள் இருந்தார்கள். கல் உடைத்தவர்கள் இருந்தார்கள். கிராம சுகாதார நர்சுகளும் இருந்தார்கள்!

முதல் நாள் ஊர் சிரித்தது. பிறகு ஊருக்குப் பழகிப் போயிற்று.

இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களிலும், வயது வந்த பிறகு எழுத்துக் கூட்டிப் படித்தவர்கள் இருப்பீர்கள். முதல் எழுத்தை எழுதும்போது உங்கள் கையும் நடுங்கியதல்லவா? இன்று படிக்கிறீர்கள் அல்லவா?

2020-ல் கொரோனா வந்தது. பல பிரிவுகளில் இருந்த நர்சுகளைக் கொரோனா வார்டுக்கு அழைத்தார்கள். பழகிக்கொள்ள அவகாசம் இல்லை. கவச உடைக்குள் வியர்வை ஆறாக ஓடியது. பயந்தார்கள். பயந்துகொண்டே போனார்கள். போய்க் கற்றுக்கொண்டார்கள்.

2021-ல் தமிழ்நாட்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. படுத்த படுக்கையாகக் கிடப்பவரின் வீட்டுக்கே நர்சு போகிறார். அவரது வலியைக் குறைக்கிறார். இதுவும் வார்டில் இருந்தவர்களுக்குப் புதிய வேலைதான்.

நர்சுகளுக்கெல்லாம் வழிகாட்டியான பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1854-ல் கிரிமியப் போர்க் காலத்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவருக்கு வயது 34. திரும்பி வந்ததும் உடம்பு நலிந்தது. வார்டில் நிற்க முடியவில்லை. சும்மா இருந்தாரா? இல்லை. புள்ளிவிவரம், சுகாதாரம் என்ற புதுத் துறைகளில் இறங்கினார். இந்தியாவில் நீர்ப்பாசனம் வேண்டும் என்று வாதாடினார். அதில் அவருக்குத் துணை நின்றவர் ஆர்தர் காட்டன். 1830-களில் கொள்ளிடத்தில் அணை கட்டிய அதே காட்டன் துரைதான்!

நாற்று சொல்லும் பாடம்

காவிரிக் கரையில் இருப்பவர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

நாற்றங்காலில் நாற்று பசேல் என்று நிற்கும். அதைப் பிடுங்கி வயலில் நடுகிறோம். மறுநாள் போய்ப் பாருங்கள். தலை சாய்ந்து நிற்கும். நிறம் வெளுத்திருக்கும். அதைப் பார்த்து விவசாயி அழுவாரா? மாட்டார். ஒரு வாரம், பத்து நாள் பொறுப்பார். தண்ணீரை அளவாக வைப்பார். பயிரை முழுக அடிக்க மாட்டார். நாற்று பச்சை பிடிக்கும். பிறகு தூர் கட்டும்.

ஆஸ்பத்திரிகளும் இதையே செய்ய வேண்டும். வார்டு மாறி வந்தவரை முதல் வாரமே இரவு டூட்டியில் தனியாக விடக்கூடாது. அனுபவமுள்ள ஒருவரோடு சேர்த்து விட வேண்டும். முதலில் பார்க்கட்டும். பிறகு கூட நின்று செய்யட்டும். அப்புறம் தனியாகச் செய்யட்டும்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் பொறுப்பு உண்டு. அம்மா புது வேலை பழகும் காலத்தில், ராத்திரி உட்கார்ந்து குறிப்பு எழுதுவார். அப்போது, "சாப்பாடு எங்கே?" என்று கேட்காதீர்கள். அந்த ஒரு மாதம் கணவர் உலை வைக்கட்டும். பிள்ளைகள் பாத்திரம் கழுவட்டும்.

நர்சு சகோதரிகளே! ஒரு சின்ன நோட்டு வாங்குங்கள். தெரியாததை அன்றன்றே எழுதுங்கள். மறுநாள் கேளுங்கள். உண்மையிலேயே பழைய வார்டுதான் உங்களுக்குப் பிடிக்கிறது என்றால், அங்கேயே இருங்கள். அதில் குறைவு ஒன்றும் இல்லை. ஆனால் போக ஆசை இருந்தும் பயத்தால் நிற்காதீர்கள்.

தலை சாய்வது பத்து நாள். பிறகு பச்சை பிடிக்கும்!