மிச்சம் பிடிக்கும் இடம் வயிறல்ல

தாராவியிலும் சயானிலும் காலையில் ரயிலைப் பிடிக்க ஓடும் நம்மவர்களில் பலருக்கு முதல் ஆகாரம் ஒரு கட்டிங் தேநீரும் இரண்டு பிஸ்கட்டும்தான். நண்பகலில் வடா பாவ். இரவு அறைக்குத் திரும்பிய பின்னரே சோறு. அதற்கு ஊரிலிருந்து வந்த ஊறுகாயும் அப்பளமும் துணை. ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டியவர்கள் முதலில் கை வைப்பது தங்கள் வயிற்றில்தான். இதைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த மிச்சம் உண்மையில் மிச்சம்தானா?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் நடத்திய ஆய்வு 2023-ல் வெளியாயிற்று. நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு. வயது வந்தோரில் மூவரில் ஒருவருக்கு மேல் ரத்தக் கொதிப்பு. இவை இனியும் பணக்காரர் வியாதிகள் அல்ல.

தேநீரையே எடுத்துக் கொள்வோம். கோப்பைக்கு ஒரு சிறு கரண்டி, அதாவது சுமார் 5 கிராம் சர்க்கரை என்றால், நாளைக்கு ஆறு கோப்பையில் 30 கிராம். 25 கிராமுக்குள் இருப்பதே நலம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உப்பு 5 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பதும் அதன் கணக்கே. ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் சேர்ந்தால் அந்த அளவு எங்கே நிற்கும்? வடா பாவோ மைதாவுக்குள் உருளைக்கிழங்கு, மாவுக்குள் மாவு. திரும்பத் திரும்பக் காய்ச்சிக் கெட்டுப்போன எண்ணெயைப் பயன்படுத்தலாகாது என்ற விதி 2018 முதல் இருக்கிறது. தெருமுனைக் கடாயை யார் சோதிக்கிறார்கள்?

வேடிக்கை என்னவென்றால், நல்ல உணவு பக்கத்திலேயே இருக்கிறது. மராட்டியர் தட்டும் ஜவாரி பாக்ரி நம் பாட்டன்மார் உண்ட சோளம்தான். முளைகட்டிய பயறில் செய்யும் உசல் புரதம் மிகுந்தது. ஏதோ அன்னியப் பண்டம்போல் இவற்றை நாம் ஒதுக்குகிறோம். ஆவியில் வெந்த இட்லியும் எண்ணெய்ப் பண்டத்துக்கு எவ்வளவோ மேல். ஒரு பிடி வறுத்த கடலை, ஒரு வாழைப்பழம் ஆகியவை பிஸ்கட்டைவிடப் பசி தாங்கும்.

அலுவலகக் கான்டீன்களில் சமோசாவின் விலை ஏறினால் குரல் எழுப்பும் குமாஸ்தாக்கள், அங்கே ஏன் பயறும் பழமும் கிடைப்பதில்லை என்றும் கேட்கலாம்.

ரத்தக் கொதிப்பு பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டுவதில்லை. பிழைப்பவர் ஒருவர், உண்பவர் ஐவர் என்ற குடும்பத்தில் அந்த ஒருவர் நாற்பது வயதில் பக்கவாதத்தில் விழுந்தால், பல ஆண்டுச் சேமிப்பு சில வாரங்களில் கரைந்து போகும். எனவே தமிழ்ச் சங்கங்கள் ஆண்டு விழாச் செலவில் ஒரு பகுதியை ரத்த அழுத்தம், சர்க்கரைச் சோதனைக்கு ஒதுக்க வேண்டுமென்று கேட்டுக் கொள்கிறோம். முகாம்களை ஞாயிற்றுக்கிழமைகளில் வைக்கட்டும். வார நாளில் வைத்தால் தினக்கூலிக்காரர் ஒரு நாள் கூலியை இழந்துதான் வர வேண்டியிருக்கும்.