வர்ணம் இருக்கட்டும், ஒழுக்கு நின்றதா?

லால்பேட்டை வட்டாரத்தில் வீடு விற்க நினைப்பவர் முதலில் யாரைக் கூப்பிடுகிறார்? பெயிண்டரை! சுவருக்கு இரண்டு கோட்டிங், வாசல் கதவுக்கு வார்னிஷ், மாடியில் மேலாக ஒரு சிமெண்ட் பூச்சு. "பளிச்சுன்னு இருந்தா ரெண்டு லட்சம் கூடவே வரும் பாய்!" என்று தரகர் தூபம் போடுகிறார். வாங்க வந்தவரும் பளபளப்பில் மயங்கி அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்.

ஐப்பசி மழை பிடித்த பிறகுதான் வண்டவாளம் தெரிகிறது!

ஈரம்

லால்பேட்டை வீராணம் ஏரிக்கரை ஊர். சுற்றிலும் வயல். தரை ஈரம் சுவரில் ஏறுவது சகஜம். ஈரம் காயாத சுவரில் எந்தக் கம்பெனி பெயிண்ட் அடித்தாலும் உப்பிப் பொரிந்து உதிரத்தான் செய்யும். மாடியில் தண்ணீர் வடியும் சரிவு, வடிகுழாய், தட்டோட்டு இணைப்பு, குளியலறைக் குழாய் இவற்றைப் பார்த்து, ஒழுக்கை அடைத்து, சுவர் காய்ந்த பிறகு வெள்ளையடித்தால் அதற்குப் பெயர் பராமரிப்பு. ஒழுக்கை விட்டுவிட்டு மேலே பூசினால் அது மோசடிதானே?

சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. 1882-ம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம், 55-வது பிரிவு. சாதாரணமாகப் பார்த்தால் தெரியாத பெரிய கோளாறு வீட்டிலோ, பத்திர உரிமையிலோ இருந்து, அது விற்பவருக்குத் தெரிந்திருந்தால், வாங்குபவரிடம் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் மறைப்பது மோசடி!

"உண்மையைச் சொன்னா வீடு விக்குமா?" என்று கேட்கலாம். விற்கும். ரிப்பேர் செலவைக் கழித்து விலை பேசினால் வாங்க ஆள் உண்டு. மறைத்து விற்று, பிறகு வக்கீல் நோட்டீஸ் வாங்குவதைவிட அது லாபம்.

கையெழுத்து

சுவரைவிட மோசமாக ஒழுகுவது பத்திரம். தகப்பனார் பெயரில் வீடு இருக்கும். அவர் காலமாகிப் பல வருடம் ஆகியிருக்கும். பட்டா மாறியிருக்காது. "தங்கச்சி ஒண்ணும் சொல்லாது" என்ற தைரியத்தில் அண்ணன் தம்பிகள் மட்டும் விலை பேசுகிறார்கள். ஷரீஅத்படி மகளுக்கும் பங்கு உண்டு. அவர் கையெழுத்து இல்லாமல் அவர் பங்கை யார் விற்க முடியும்? பெயிண்டுக்கு ஆயிரக்கணக்கில் செலவழிப்பவர்கள், தங்கை வீட்டுக்கு ஒரு நடை போய்ப் பேசக் கூடாதா?

வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் பிள்ளைகள் உள்ள ஊர் இது. அங்கிருந்து பவர் பத்திரம் அனுப்பினால், இந்தியத் தூதரகத்தில் சான்று பெற வேண்டும். இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். வெறும் பவரை வைத்து வீட்டைக் கைமாற்றும் வேலையும் நடக்காது. பதிவான கிரயப் பத்திரம்தான் உரிமை தரும் என்று சுப்ரீம் கோர்ட் 2011-லேயே சொல்லிவிட்டது.

வாங்குபவருக்கு

வாங்குகிறவரும் விழித்துக்கொள்ள வேண்டும். புதுப் பெயிண்ட் வாசம் அடித்தால் சந்தேகப்படுங்கள்! முடிந்தால் மழை நாளில் போய்ப் பாருங்கள். மாடி ஏறுங்கள். பீரோவை நகர்த்தச் சொல்லி சுவரைத் தொட்டுப் பாருங்கள். வில்லங்கச் சான்று வாங்குவதோடு நிறுத்தாதீர்கள். பதிவான விவரம் மட்டுமே அதில் வரும். பதிவாகாத வாரிசுப் பங்கு வராது. வாரிசுச் சான்றிதழைக் கேட்டு வாங்கி, அதில் உள்ள அத்தனை பேரும் கையெழுத்துப் போடுகிறார்களா என்று எண்ணிப் பாருங்கள்.

பாலைவன வெயிலில் பத்து, இருபது வருடம் உழைத்துச் சேர்த்த பணம் ஒரே நாளில் பதிவு அலுவலகத்தில் கைமாறுகிறது. அந்தப் பணத்துக்கு ஒழுகாத கூரையும், வழக்கில்லாத பத்திரமும் கிடைக்க வேண்டாமா? முதலில் வாரிசுகளைக் கூட்டுங்கள். அடுத்து கொத்தனாரைக் கூப்பிடுங்கள். பெயிண்டர் கடைசியில் வரட்டும்!