புது இன்ஜினுக்கு யார் சாட்சி?

கார் ஷோரூமுக்குப் போனால், டை கட்டிய தம்பி முதலில் சொல்லும் வாக்கியம் உங்களுக்கே தெரியும். 'இது நியூ ஜெனரேஷன் இன்ஜின் சார். பழசுல இருந்த பிராப்ளம் எதுவுமே இதுல வராது!'

வராது என்று தம்பிக்கு எப்படித் தெரியும்? இன்ஜின் வந்தே ஆறு மாசம்தான் ஆகிறது. ஒரு இன்ஜின் உழைக்குமா, உழைக்காதா என்பது லட்சம் கிலோமீட்டர் ஓடிய பிறகு மெக்கானிக் ஷெட்டில் தெரிகிற விஷயம். ஷோரூம் ஏ.சி-யில் தெரியாது.

ஃபோர்டு கம்பெனியின் ஒரு லிட்டர் ஈகோபூஸ்ட் இன்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றே சிலிண்டர், டர்போ. ஒரு ஏ4 தாளுக்குள் அதன் பிளாக் அடங்கிவிடும் என்று கம்பெனியே பெருமையடித்தது. 2012, 2013, 2014 என்று தொடர்ந்து மூன்று வருஷம் 'இன்டர்நேஷனல் இன்ஜின் ஆஃப் தி இயர்' விருது. நம்ம மறைமலைநகரில் தயாரான ஈகோஸ்போர்ட்டிலும் 2013-ல் அது வந்தது.

அதன் புதுமைகளில் ஒன்று, டைமிங் பெல்ட். வழக்கமாக எண்ணெயே படாமல் வெளியே ஓடுகிற ரப்பர் பெல்ட்டை இன்ஜினுக்குள்ளேயே, ஆயிலில் நனைந்தபடி ஓட விட்டார்கள். ஆயில் பம்ப்பை ஓட்டுவதும் அப்படி ஒரு பெல்ட்தான். உராய்வு குறையும், சத்தம் குறையும், மைலேஜ் கொஞ்சம் ஏறும். கவனியுங்கள், 'ரொம்ப நாள் உழைக்கும்' என்பது இந்தப் பட்டியலிலேயே இல்லை!

வருஷங்கள் ஓடின. சில வண்டிகளில் பெல்ட் நைந்து, துகள் துகளாக உதிர்ந்து, ஆயில் போகும் வழியை அடைத்தது. ஆயில் பிரஷர் போச்சு, இன்ஜினும் போச்சு. 2023 டிசம்பரில், ஆயில் பம்ப் பெல்ட் கோளாறுக்காக அமெரிக்காவில் சுமார் 1 லட்சத்து 39 ஆயிரம் ஃபோகஸ், ஈகோஸ்போர்ட் கார்களைத் திரும்ப அழைத்தது ஃபோர்டு. அந்த ஈகோஸ்போர்ட்கள் 2018 முதல் 2022 வரையிலான மாடல்கள். விருதெல்லாம் வாங்கி நாலு வருஷம் கழித்து வந்த புதுசுகள்! இந்த இன்ஜினின் பிந்தைய வெர்ஷனில், டைமிங்குக்குப் பழைய பாணி செயினுக்கே போனார்கள். ஆயில் பம்ப்புக்கு மட்டும் பெல்ட்டை விடவில்லை. ஏன் சாமி?

அதுக்காக, 'அந்தக் காலத்து இன்ஜின் மாதிரி வருமா' என்று பெருமூச்சு விடும் கோஷ்டியில் நான் இல்லை. மார்கழிக் காலையில் சோக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு கார்புரேட்டரிடம் கெஞ்சியதெல்லாம் மறந்துபோச்சா? ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் அந்தத் தொல்லையை ஒழித்தது. நிஜமான முன்னேற்றம்தான். ஆனால், அதைச் சொல்ல நமக்கு இருபது வருஷத்துக்கு மேல் அனுபவம் இருக்கிறது.

பி.காம் படித்த பாவத்துக்கு, கம்பெனிகளின் ஆண்டறிக்கையைப் புரட்டுகிற பழக்கம் எனக்கு உண்டு. கார் கம்பெனிக் கணக்கில் 'வாரன்டிக்கான ஒதுக்கீடு' என்று ஒரு வரி இருக்கும். விற்ற வண்டிகளில் எவ்வளவு ரிப்பேர் வரும் என்று அவர்களே மதிப்பிட்டு எடுத்துவைக்கிற பணம். ஆக, விளம்பரத்தில் கோளாறே வராது; கணக்குப் புத்தகத்தில் வரும்! வாரன்டி முடிந்த மறுநாளிலிருந்து அந்த ஒதுக்கீட்டை நீங்கள்தான் செய்தாக வேண்டும், உங்கள் சம்பளத்தில். லோனோ ஏழு வருஷம்.

அடுத்த முறை தம்பியிடம் கேட்டுப்பாருங்கள். 'டைமிங்குக்கு பெல்ட்டா, செயினாப்பா? பெல்ட்னா, ஆயில்ல ஓடுறதா? லோன் முடியற வரைக்கும் இன்ஜினுக்கு வாரன்டி எழுதித் தருவீங்களா?'

தம்பி பிரவுஷரைப் புரட்டுவார். மேனேஜர் இருக்கும் திசையைப் பார்ப்பார். பிறகு, சன் ரூஃபைத் திறந்து காட்டுவார்.