பனிக் காட்டில் 'யானை'க் கூட்டம்!

நமக்குத் தை மாதம் நடக்கும்போது ஜெர்மனியில் கடுங்குளிர் காலம். குளமும் குட்டையும் உறைந்து கல்லாகிவிடும். வீட்டுக்கு வீடு கணப்பு எரியும். அவசர வேலை இல்லாமல் யாரும் வெளியே தலை காட்ட மாட்டார்கள்.

ஆனால் அந்தக் குளிரிலும் ஆயிரக்கணக்கான பேர் மோட்டார் சைக்கிளில் ஏறிப் புறப்படுகிறார்கள்! ஜனவரி கடைசியில், அல்லது பிப்ரவரி தொடக்கத்தில் இது நடக்கிறது. அவர்கள் போகும் இடம், பவேரியா மாநிலத்தில் துர்மான்ஸ்பாங் என்ற ஊரை அடுத்த ஒரு காட்டுப் பள்ளத்தாக்கு. அதற்குச் 'சூனியக்காரியின் கொப்பரை' என்று ஒரு பட்டப் பெயரும் உண்டு. பள்ளத்தாக்கு கொப்பரை போலக் குழிந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை கூடாரம் அடிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பிரித்துக்கொண்டு கிளம்புகிறார்கள். இடையே இரண்டு இரவுகள் பனியில் படுக்கை. விரைந்து ஓட்டிப் பரிசு வாங்கும் பந்தயம் அல்ல இது. கூடுவதும், பேசுவதும், நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து குளிர் காய்வதும்தான் விழா.

இந்த விழாவுக்கு 'யானைச் சந்திப்பு' என்று பெயர். ஜெர்மன் மொழியில் 'எலிஃபான்டன்ட்ரெஃபன்' என்பார்கள். வெளிநாடுகளிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள்.

இது வெறும் பைத்தியக்காரத்தனமா? அல்லது இதில் விஷயம் இருக்கிறதா?

யானை வந்த கதை

ஜெர்மனியில் 'சுண்டாப்' என்று ஒரு மோட்டார் சைக்கிள் கம்பெனி இருந்தது. அது 1917-ல் நூரெம்பெர்க் நகரில் தொடங்கியது. 1950-களில் அது 'கே.எஸ். 601' என்ற வண்டியைச் செய்து விற்றது. 597 சி.சி. என்ஜின். 28 குதிரை சக்தி. பக்கத்தில் ஆள் உட்காரும் 'சைடு கார்' மாட்டினாலும் அலுக்காமல் இழுக்கும். பச்சை வர்ணம் பூசிய இந்தக் கனத்த வண்டிக்கு ஜனங்கள் வைத்த செல்லப் பெயர், 'பச்சை யானை'.

எர்ன்ஸ்ட் லெவர்குஸ் என்பவர் மோட்டார் சைக்கிள் பத்திரிகை ஒன்றில் எழுதி வந்தார். புது வண்டிகளை ஓட்டிப் பார்த்துக் குணம் குற்றம் சொல்வது அவர் வேலை. குளிர் காலத்திலும் வண்டியை மூடி வைக்காமல் ஓட்டும் 'யானை'க்காரர்களை ஓரிடத்தில் கூடும்படி அவர் அழைத்தார். 1956-ல் ஸ்டுட்கார்ட் நகரத்துக்கு அருகே முதல் சந்திப்பு நடந்தது. வந்தவர்கள் சுமார் 20 பேர்தான்! பின்னர் எல்லாக் கம்பெனி வண்டிகளுக்கும் இடம் கிடைத்தது. பெயர் மட்டும் மாறவில்லை.

ஏழையின் வண்டி

அந்த ஆண்டில் ஏன் அப்படி ஒரு எண்ணம் பிறந்தது?

இரண்டாவது உலக யுத்தம் முடிந்தபோது ஜெர்மனி இடிந்து கிடந்தது. கார் வாங்கப் பலரிடம் பணம் இல்லை. தொழிலாளிக்கு மோட்டார் சைக்கிள்தான் வாகனம். சைடு காரில் மனைவியும் குழந்தையும் உட்காருவார்கள். அதுவே குடும்ப வண்டி.

பிறகு நாடு நிமிர்ந்தது. கையில் காசு புழங்கியது. 1955-ல் வோக்ஸ்வாகன் தொழிற்சாலையிலிருந்து பத்து லட்சமாவது 'வண்டு' கார் வெளியே வந்தது. மழையில் நனையாமல், குளிரில் நடுங்காமல் போக வழி கிடைத்ததும் ஜனங்கள் காருக்கு மாறினார்கள். மோட்டார் சைக்கிள் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன.

அந்த நேரத்தில்தான், "நாங்கள் இதை விட மாட்டோம்" என்று சொல்வதுபோல் 20 பேர் கூடினார்கள். தேவைக்காக ஓட்டிய காலம் போய், ஆசைக்காக ஓட்டும் காலம் பிறந்தது. விழாவின் வேர் அங்கே இருக்கிறது.

ராணிப்பேட்டைக்கு வந்த உறவு

சுண்டாப் கம்பெனியும் நிலைக்கவில்லை. 1984-ல் அது திவாலானது. ஆனால் அதன் தொழில் நுட்பம் நம் பக்கமும் வந்தது. என்ஃபீல்டு இந்தியா கம்பெனி அதை வாங்கி, ராணிப்பேட்டையில் தொழிற்சாலை வைத்துச் சிறிய வண்டிகளைச் செய்தது. 1980-களில் ஓடிய 'சில்வர் பிளஸ்', 'எக்ஸ்ப்ளோரர்', 'ஃப்யூரி' ஆகிய வண்டிகளை வயதானவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவை அந்த 'யானை' பிறந்த வீட்டின் குட்டிகள்!

கம்பெனி போய்விட்டது. அதன் வண்டியால் பெயர் பெற்ற விழா மட்டும் நிற்கிறது.

பனியில் படுப்பது எப்படி?

குளிரில் வண்டி ஓட்டுவது விளையாட்டல்ல. காற்று அசையாத இடத்தில் பூஜ்ய டிகிரி குளிர் என்றால், மணிக்கு 80 கிலோ மீட்டர் வேகத்தில் போகிறவர் உடம்புக்கு அது சுமார் பத்து டிகிரி கீழே போனது போல இருக்கும். விரல்கள் முதலில் மரத்துப் போகும். மரத்த விரலால் பிரேக் பிடிக்க முடியுமா? அதனால்தான் பழகியவர்கள் அடிக்கடி நிறுத்திக் கைகளைச் சூடு செய்துகொள்கிறார்கள். உறைந்த பாதையில் இரண்டு சக்கரம் சறுக்கும். சைடு கார் வண்டிக்கு மூன்று சக்கரம். சறுக்கினாலும் லேசில் சாயாது. இந்த விழாவில் அந்தப் பழைய வண்டிக்கு இன்றும் மதிப்பு இருப்பது அதனால்தான்.

படுக்கையிலும் பாடம் உண்டு. மேலே எத்தனை கம்பளி போர்த்தினாலும், உறைந்த தரை கீழிருந்து உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். ஆகவே முதலில் வைக்கோலைக் கனமாகப் பரப்புகிறார்கள். அதன் மேல்தான் படுக்கை. வைக்கோலும் விறகும் அங்கேயே விலைக்குக் கிடைக்கும்.

இரண்டு ஆபத்துகள் உண்டு. ஒன்று, குளிர் தாங்காமல் மூடிய கூடாரத்துக்குள் அடுப்பு வைப்பது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவரைத் தூக்கத்திலேயே கொன்றுவிடும். இன்னொன்று மது. குடித்தால் சூடு ஏறுவது போலத் தோன்றும். உண்மையில் தோலின் ரத்தக் குழாய்கள் விரிந்து, உடம்பின் சூடு வேகமாக வெளியேறும்.

கூட்டம் பெருத்தது, தொல்லை வந்தது

1961 முதல் இந்த விழா நூர்பர்க்ரிங் என்ற புகழ்பெற்ற பந்தய மைதானத்தில் நடந்தது. இருபது பேர் கூடிய இடத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். ஓட்ட வந்தவர்களோடு, குடிக்கவும் கூத்தடிக்கவும் வந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். கலாட்டா மிகுந்தது. 1970-களின் கடைசியில் விழா அந்த மைதானத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. சில காலம் ஆஸ்திரியா நாட்டில் நடந்தது. 1989-ல்தான் இப்போதைய காட்டுக்கு வந்து சேர்ந்தது.

விழாவை நடத்துவது மோட்டார் சைக்கிள் ஓட்டுவோரின் தேசிய சங்கம். 1958-ல் ஏற்பட்ட சங்கம் இது. பத்திரமாக ஓட்டுவதற்குப் பயிற்சி முகாம்களும் நடத்துகிறது.

கூடுவது சுலபம். கூடியவர்கள் தங்களைத் தாங்களே அடக்கிக்கொள்வதுதான் கஷ்டம். அடக்கம் போனால் இடமும் போய்விடும். இதை 'யானை'க்காரர்கள் பட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

தீவட்டி ஊர்வலம்

சனிக்கிழமை இருட்டியதும் விழாவில் ஒரு நிகழ்ச்சி. கையில் தீவட்டி ஏந்தி ஊர்வலம் போகிறார்கள். சாலை விபத்தில் உயிர் நீத்த மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு அஞ்சலி அது.

மகிழ்ச்சிக்காகக் கூடிய இடத்தில் மரணத்தை நினைப்பானேன் என்று கேட்கலாம். அங்குதான் இந்த விழாவின் பெருமையே இருக்கிறது. 'இந்த வண்டி இன்பம் தரும். கவனம் தப்பினால் உயிரையும் எடுக்கும்' என்று அவர்கள் ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறார்கள். மறுநாள் காலை அதே வண்டியில் ஏறி, உறைந்த பாதையில் வீடு திரும்ப வேண்டியவர்கள் அல்லவா? பக்கம் பக்கமாக எச்சரிக்கை அச்சடித்துக் கொடுப்பதைவிட, இருட்டில் அசையும் அந்தத் தீவட்டி வரிசை மனதில் தைக்கும்.

இனி நிலைக்குமா?

2021-ல் கொரோனா நோயால் விழா நடக்கவில்லை. பிறகு மீண்டும் கூடினார்கள். ஆனால் கவலைகள் இல்லாமல் இல்லை. உலகம் சூடேறி வருகிறது. பனி கொட்ட வேண்டிய மாதத்தில் மழை பெய்தால் பள்ளத்தாக்கு சேறாகிவிடும். ஓட்டுகிறவர்களின் தலையும் நரைத்து வருகிறது. புகையும் சத்தமும் வேண்டாம் என்று நினைக்கும் காலம் இது.

இதற்கெல்லாம் வண்டியின் வேகம் பதில் சொல்லாது. கூடுகிறவர்களின் ஒழுங்குதான் பதில் சொல்ல வேண்டும். காட்டைச் சுத்தமாக விட்டுப் போனால், அக்கம்பக்கத்து ஜனங்களை மதித்து நடந்தால், மறு வருஷமும் வழி திறந்திருக்கும். இல்லையென்றால் நூர்பர்க்ரிங்கில் நடந்ததுதான் இங்கேயும் நடக்கும்.

யானைக்கு மதம் பிடிக்காதவரை ஊரில் அதற்கு மரியாதை உண்டு. 'யானை'க் கூட்டத்துக்கும் அதுவே விதி!