தன்னையே தின்று பயிரைத் தாக்கும் குலைநோய்ப் பூசணம்

நெல் இலையில் கண் வடிவப் புள்ளி தெரிந்த பிறகே பெரும்பாலான உழவர்கள் குலைநோயைப் பற்றி நினைக்கிறார்கள். புள்ளி தெரிவதற்கு நாலைந்து நாள் முன்பே, ஒரு துளி பனிநீருக்குள் நோயின் முக்கிய வேலை முடிந்துவிடுகிறது. அந்த வேலையை ஆராய்ச்சி நன்றாகவே விளக்கிவிட்டது. உழவர்களுக்கு வரும் பரிந்துரைகளோ மருந்தின் பெயரையும் அளவையும் சொல்வதோடு நின்றுவிடுகின்றன. இது மாற வேண்டும்.

பூசண வித்து காற்றில் வந்து ஈர இலைமேல் ஒட்டிக்கொள்கிறது. பனித்துளியில் அதற்கு உணவு ஏதுமில்லை. கட்டுச்சோற்றோடு புறப்பட்ட வழிப்போக்கனைப் போல, தன்னிடமுள்ள கொழுப்பு, கிளைக்கோஜன், புரதம் ஆகியவற்றைக் கொண்டே அது பிழைக்க வேண்டும். சில மணி நேரத்தில் முளைக்குழல் விட்டு, அதன் நுனியில் குமிழ் போன்ற ஒட்டுறுப்பை உண்டாக்குகிறது. பிறகு மூன்று அறைகள் கொண்ட அந்த வித்து, தன் உள்ளிருக்கும் புரதங்களையும் மற்றப் பொருள்களையும் தானே சிதைத்து, அந்தச் சத்தை ஒட்டுறுப்புக்குக் கொடுத்துவிட்டுச் சாகிறது. ஒட்டுறுப்பில் கிளிசரால் சேர்ந்து, நீர் ஏறி, அழுத்தம் 80 வளிமண்டலம் வரை உயருகிறது. லாரி டயரில் அடைக்கும் காற்றைப் போல் சுமார் பத்து மடங்கு! அந்த வேகத்தில் ஒரு நுண்முள் இலைத்தோலைத் துளைக்கிறது.

பிரிட்டனில் எக்ஸிட்டர் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதை உறுதி செய்தது. தன்னையே செரிக்கும் இந்த வேலைக்குத் தேவையான ஒரு மரபணுவை நீக்கினார்கள். வித்து சாகவில்லை. பூசணத்தால் நோய் உண்டாக்கவும் முடியவில்லை.

அப்படியானால் புரதச் சிதைவைத் தடுக்கும் மருந்தைத் தெளித்துவிடலாமே என்று தோன்றும். அவசரம் ஆகாது. இதே இயந்திரம் நெல்லிலும் இருக்கிறது, தெளிப்பவர் உடலிலும் இருக்கிறது. உயிரணு புரதத்தைச் சிதைக்கும் மற்றொரு வழியைத் தடுக்கும் போர்டிசோமிப், ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்கு மருத்துவர் கண்காணிப்பில் கொடுக்கப்படும் மருந்து. கைத்தெளிப்பானில் ஊற்றும் சரக்கல்ல. பூசணத்தில் மட்டும் காணப்படும் வேறுபாட்டைக் கண்டுபிடித்த பின்பே மருந்தைப் பற்றிப் பேச வேண்டும்.

இப்போதுள்ள ட்ரைசைக்ளசோலும் வித்தைக் கொல்வதில்லை. ஒட்டுறுப்பின் சுவரிலுள்ள மெலனின் என்னும் கரிய நிறமி உண்டாகாமல் தடுக்கிறது. அதனால் அழுத்தம் நிற்பதில்லை. உள்ளே நுழைந்துவிட்ட பூசணத்தின்மேல் அதற்கு அதிக வேலையில்லை. புள்ளி வயல் முழுவதும் பரவிய பின் தெளித்துவிட்டு, மருந்து போலி என்று கடைக்காரரிடம் சண்டை போடுவதில் பயனில்லை. தவிர, ஐரோப்பிய ஒன்றியம் 2017-இல் அரிசியில் இதன் எச்ச வரம்பைக் கிலோவுக்கு 0.01 மில்லிகிராமாகக் குறைத்துவிட்டது. ஒரே மருந்தை நம்பியிருக்கும் காலம் போய்விட்டது.

ரகத் தேர்வும் தழைச்சத்தும்தான் உழவர் கையில் உள்ளவை. கோயமுத்தூரில் உருவான கோ 39 ரகம் குலைநோய்க்கு எளிதில் இரையாவதாலேயே உலக ஆய்வுக்கூடங்களில் ஒப்பீட்டு ரகமாகப் பெயர் பெற்றது. விரும்பத்தக்க புகழ் அன்று! யூரியா மிகுந்த வயலில் இலை இளகி, நோய் வேகமாக ஏறும். சம்பா, தாளடியில் புள்ளி தெரிந்தால் தழைச்சத்து மேலுரத்தை நிறுத்தி வைப்பது செலவில்லாத வைத்தியம்.

வேளாண் துறையின் குறுஞ்செய்தியில் மருந்தின் பெயருக்கு முன்பாக, இரவு வெப்பநிலையும் இலை எத்தனை மணி நேரம் நனைந்திருக்கும் என்பதும் இடம்பெற வேண்டும்.