வேப்பெண்ணெயும் வீட்டுப் பெருமையும்

சென்ற தை மாதத்தில் எங்கள் வீட்டில் ஒரு போர் மூண்டது. காரணம், பாட்டி திருநெல்வேலியிலிருந்து கொண்டுவந்த ஒரு புட்டி வேப்பெண்ணெய்.

டில்லிக் குளிரில் அக்காளின் கைக்குழந்தைக்குச் சளி. பாட்டி சங்கைக் கழுவி எடுத்து வந்தார். “நாலு சொட்டுத்தான். உன் அப்பனுக்கும் இதைத்தான் புகட்டினேன்” என்றார். நான் சங்கைப் பிடுங்கிக்கொண்டேன். “நாலெழுத்துப் படித்துவிட்டால் பாட்டிக்கே பாடமா?” என்று வீடே என்மேல் பாய்ந்தது.

நண்பர்களே, நான் வேம்புக்குப் பகைவன் அல்லன். விடுதியில் என் அறைக்கு வருவோர் மூக்கைப் பிடித்துக்கொண்டே அதற்குச் சாட்சி சொல்வர்! பேனுக்கும் சிரங்குக்கும் நம்மவர் அதைத் தடவியது குருட்டு நம்பிக்கையால் அன்று. 1942-இல் சலிமுஸ்ஸமான் சித்திக்கி அந்த எண்ணெயிலிருந்து நிம்பின் முதலிய கசப்புப் பொருள்களைப் பிரித்தெடுத்தார். பூச்சியையும் பூஞ்சையையும் அடக்கும் ஆற்றல் வேம்புக்கு உண்டென்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின.

ஆனால் பூச்சியை வதைக்கும் பொருள், நம் தோலை மட்டும் தாய்போல் அணைக்கும் என்று யார் உறுதி தந்தார்? சென்ற ஆண்டு தேமலுக்காக அதை அப்படியே கழுத்தில் பூசிக்கொண்டு, சிவந்து தடித்த தோலோடு ஒரு வாரம் ஆய்வுக்கூடம் சென்றவன் நான். இப்போது சில துளிகளைத் தேங்காயெண்ணெயில் கலந்து, முதலில் முழங்கையின் உட்புறத்தில் தடவி, ஒரு நாள் பொறுத்துப் பார்த்த பிறகே பூசுகிறேன்.

உள்ளே கொடுப்பதோ வேறு கதை. வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட குழந்தைகளுக்கு வாந்தியும், மயக்கமும், வலிப்பும் கண்டு, ஈரலும் மூளையும் தாக்கப்பட்டதை மலேசிய மருத்துவர்கள் 1981-இல் வெளியிட்டார்கள். உயிரிழப்பும் நேர்ந்தது. மலேசியாவில் அதைப் புகட்டியவர்களும் நம் பாட்டிமாரைப் போன்றவர்களே. அன்பில் குறைந்தவர்கள் அல்லர்.

வேப்பெண்ணெய்ப் பூஞ்சைக்கொல்லிக்கு ஐரோப்பாவில் தரப்பட்ட காப்புரிமை 2000-இல் ரத்தாகி, 2005-இல் அத்தீர்ப்பு உறுதியானதை நாம் இன்றும் மார்தட்டிச் சொல்கிறோம். சொல்லத்தான் வேண்டும். அந்தப் பெருமையைக் கொண்டாடும் நாம், “நூற்றுக்கு நூறு இயற்கை” என்று புட்டியில் அச்சிட்டுவிட்டு, எவ்வளவு, எவருக்கு, எங்கே என்பதை மறைத்து விற்பவனை ஏன் கேள்வி கேட்பதில்லை?

குழந்தைக்கு மருத்துவர் சொன்ன மருந்திலேயே சளி இறங்கிவிட்டது. பாட்டிக்கு என்மேல் கோபம் இறங்கவில்லை. புட்டியில் “பூச மட்டும்” என்று எழுதி ஒட்டினேன், இருமுறை கிழித்துவிட்டார். மூன்றாம் முறை ஒட்டியிருக்கிறேன்.