ஊதிப் பார்த்தால் மட்டும் போதுமா?

நுரையீரலைப் பாதிக்கும் மரபணு நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ள குழந்தைகள் மருத்துவமனைக்கு வரும்போதெல்லாம் தவறாமல் நடப்பது ஊதல் சோதனை. மூச்சை நன்றாக இழுத்துக் குழாயில் வேகமாக ஊதினால், முதல் விநாடியில் எவ்வளவு காற்று வெளியேறியது என்று ஸ்பைரோமெட்ரி கருவி சொல்லிவிடும். எண் இறங்கினால் மருந்து கூடும்; இறங்காவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால், ஊதல் அளவு நன்றாக இருந்தும் விளையாட்டில் சீக்கிரமே களைத்துப்போகும் பிள்ளைகள் உண்டு. உட்கார்ந்திருக்கும் நுரையீரலை மட்டும் அளந்து உடலின் நிலையைச் சொல்லிவிட முடியாது. எனவே, கடும் உழைப்பில் உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் ஏரோபிக் திறனை அளக்கும் உடற்பயிற்சிச் சோதனையும் ஆண்டுதோறும் நடந்தாக வேண்டும்.

இதற்கான ஆதாரம் புதிதல்ல. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் ஆய்வாளர்கள் 7 முதல் 35 வயது வரையிலான 109 நோயாளிகளை எட்டு ஆண்டுகள் கவனித்து, 1992இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் முடிவை வெளியிட்டார்கள். உச்ச உழைப்பில் உடல் பயன்படுத்தும் ஆக்சிஜன், இயல்பாக எதிர்பார்க்கும் அளவில் 82 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தவர்களில் 83 சதவீதத்தினர் எட்டு ஆண்டுகளுக்குப் பிறகும் உயிரோடு இருந்தார்கள். 58 சதவீதமும் அதற்குக் கீழும் இருந்தவர்களில் அப்படி இருந்தவர்கள் வெறும் 28 சதவீதம். வயது, எடை, ஊதல் அளவு போன்றவற்றைக் கணக்கில் சேர்த்த பிறகும் இந்த வேறுபாடு மறையவில்லை. 2005இல் ‘தோராக்ஸ்’ இதழில் வந்த, 28 சிறார்களைப் பற்றிய சிறிய ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: முதல் சோதனையின் எண் எதையும் முன்கூட்டிச் சொல்லவில்லை, அது ஆண்டுக்கு ஆண்டு எவ்வளவு வேகமாக இறங்கியது என்பதும் கடைசியில் எங்கே நின்றது என்பதுமே உயிராபத்தைக் காட்டின. ஒருமுறை அளந்து கோப்பில் வைத்துவிட்டால் பயனில்லை என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

நோயின் கடுமைதான் ஏரோபிக் திறனைக் குறைக்கிறது, குறைந்த திறன் நோயைக் கடுமையாக்கவில்லை என்று வாதிடலாம். இருக்கட்டுமே. தெர்மாமீட்டர் காய்ச்சலைக் குணப்படுத்துவதில்லை என்பதற்காக அதை யாரும் தூக்கிப் போடுவதில்லை. பயிற்சியின் பலன் குறித்த சந்தேகம் இதைவிட வலுவானது. ‘ஆக்டிவேட்-சிஎஃப்’ என்ற பன்னாட்டு ஆய்வில், கூடுதலாகக் கடும் உடற்பயிற்சி செய்தவர்களின் ஊதல் அளவு மற்றவர்களைவிட மேம்படவில்லை. ஆனால், ஏரோபிக் திறன் உயர்ந்தது. இதைப் பயிற்சியின் தோல்வி என்று படிப்பவர்கள், இரண்டும் வெவ்வேறு அளவுகள் என்பதை மறந்துவிடுகிறார்கள். ஊதல் கருவியை மட்டும் நம்பியிருந்தால் அந்த உயர்வு கண்ணிலேயே பட்டிருக்காது.

2019இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ‘டிரைகாஃப்டா’ போன்ற மருந்துகள் வந்த பிறகு இந்தச் சோதனை எதற்கு என்ற கேள்வியும் எழுகிறது. அந்த மருந்துகள் பலரின் வாழ்க்கையை மாற்றியிருப்பது உண்மை. ஆனால், பல ஆண்டுகள் ஓடியாடாமல் வளர்ந்த பிள்ளையின் தசைக்கு மாத்திரை பயிற்சி கொடுத்துவிடாது. அதோடு, அறிமுகமானபோது ஆண்டுக்கு 3 லட்சம் டாலருக்கு மேல் விலை வைக்கப்பட்ட மருந்து அது. எல்லா மரபணுப் பிறழ்வுக்கும் வேலை செய்வதுமில்லை. இந்தியக் குடும்பங்களில் எத்தனை பேரால் அதைத் தொட முடியும்?

செலவையும் ஆபத்தையும் காரணம் காட்டுவோரும் உண்டு. ஐரோப்பிய வல்லுநர் குழு 2015இல், 10 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு காட்ஃப்ரே சைக்கிள் முறையைப் பரிந்துரைத்தது. குழந்தையின் உயரத்தைப் பொறுத்து நிமிடத்துக்கு 10, 15 அல்லது 20 வாட் வீதம் மிதிக்கும் சுமை கூடிக்கொண்டே போகும். முகமூடி வழியே மூச்சுக்காற்றையும் விரலில் மாட்டிய கருவி வழியே ரத்த ஆக்சிஜனையும் கவனிப்பார்கள். ரத்த ஆக்சிஜன் அபாய அளவுக்கு இறங்கினால் சோதனை அங்கேயே நின்றுவிடும். இருமும்போது ரத்தம் வருபவருக்கும் நுரையீரல் உறையில் காற்றுக் கசிந்தவருக்கும் இதைச் செய்யக் கூடாது. மற்றவர்களுக்குப் பயிற்சி பெற்றவர் அருகில் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஒருவர் கிருமி இன்னொருவருக்குப் போகாமல் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும் என்பதால் நேரம் பிடிக்கும் என்பது மட்டும் நியாயமான குறை. சைக்கிள் கருவி இல்லாத இடங்களில் 15 சென்டிமீட்டர் உயரப் படி ஒன்றும் தாளம் சொல்லும் மெட்ரோனோமும் போதும்: நிமிடத்துக்கு 30 முறை, மூன்று நிமிடம் ஏறி இறங்க வேண்டும். முழுச் சோதனைக்கு இது மாற்றாகாது; ஒன்றுமே செய்யாமல் இருப்பதைவிட எவ்வளவோ மேல்.

நோயைக் காசநோய் என்றோ ஊட்டச்சத்துக் குறைவு என்றோ தவறாகக் கருதிக் காலம் கடத்துவது நம் நாட்டில் இன்னும் நடக்கிறது. அதையும் தாண்டிக் கண்டறியப்பட்ட சில பிள்ளைகளுக்காவது, இந்நோய்க்குச் சிகிச்சை தரும் மருத்துவமனைகள் ஆண்டுப் பரிசோதனைப் பட்டியலில் உடற்பயிற்சிச் சோதனையை உடனே சேர்க்க வேண்டும். சேர்க்கும்வரை, பெற்றோர் ஒவ்வொரு முறையும் கேட்டு வாங்க வேண்டும்.